தியடோர் ரூஸ்வெல்ட் காலத்து அமெரிக்க மத்திய அமைப்புகள் (1901–1909): அதிகாரம் சட்டத்தின் எந்த வரியில் இருந்தது, எங்கே கசிந்தது?

வைகறை எழுதியது:

முதலில் ஒரு தெளிவு. இந்த இழை தியடோர் ரூஸ்வெல்ட்டைப் பற்றியது, 1933இல் வந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைப் பற்றியதல்ல. 1901 செப்டம்பரில் அதிபர் மெக்கின்லி சுடப்பட்டு இறந்ததும் அதிபரானவர், 1909 மார்ச் வரை இருந்தார். "பெருங்கம்பெனிகளை அடக்கினார், காடுகளைக் காத்தார்" என்ற இரண்டு வரியோடு அவர் கதை முடிந்துவிடுகிறது.

எனக்கு வேண்டியது அதற்கு அடியில் இருப்பது. ஓர் அமைப்பை எடுத்துக்கொண்டால் சம்மன் அனுப்பும் உரிமை அதற்கு இருந்ததா? உத்தரவை மீறினால் என்ன தண்டனை? பிடிக்கவில்லை என்றால் கோர்ட்டுக்கு ஓட வேண்டியது அரசா, கம்பெனியா? சம்பளப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது? தெரிந்தவர்கள் ஒவ்வொரு துறையாக எழுதினால் நல்லது.

தண்டவாளம் எழுதியது:

ரயில்வேயில் தொடங்குவதுதான் முறை. அன்று அமெரிக்காவில் எந்த வியாபாரி பிழைப்பான், எவன் கடையை மூடுவான் என்பதைச் சரக்குக் கட்டணம்தான் முடிவு செய்தது.

மாநிலங்களிடை வணிக ஆணையம் ரூஸ்வெல்ட் உருவாக்கியதல்ல. 1887லேயே வந்துவிட்டது, ஐந்து உறுப்பினர்களோடு. கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. எது நியாயமான கட்டணம் என்று ஆணையமே நிர்ணயிக்கலாமா என்பதைச் சொல்லவில்லை. 1897இல் உச்ச நீதிமன்றம் "அந்த உரிமை கிடையாது" என்று தீர்ப்பளித்தது. அதன்பின் ஆணையத்தால் பழைய கட்டணம் தவறு என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. கம்பெனி பேருக்குக் கொஞ்சம் குறைத்துப் புதுக் கட்டணம் போட்டால் புகார்தாரர் மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும்.

1903 பிப்ரவரியில் எல்கின்ஸ் சட்டம் வந்தது. வெளியிட்ட அட்டவணையில் உள்ள கட்டணமே சட்டப்படியான கட்டணம், அதற்குக் கீழே வாங்கினால் குற்றம். கழிவு (ரகசியத் தள்ளுபடி) கொடுத்த ரயில்வே மட்டுமல்ல, வாங்கிக்கொண்ட வியாபாரியும் குற்றவாளி. ஒரு குற்றத்துக்கு 1,000 முதல் 20,000 டாலர் அபராதம். சிறைத் தண்டனை இல்லை. அதை 1906இல்தான் திரும்பச் சேர்த்தார்கள். இந்தச் சட்டத்தை ரயில்வே கம்பெனிகளே விரும்பின என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய சரக்குக்காரர்கள் மிரட்டி வாங்கிய கழிவு அவர்கள் வருமானத்தை அரித்துக்கொண்டிருந்தது.

உண்மையான திருப்பம் 1906 ஜூன் 29இல் கையெழுத்தான ஹெப்பர்ன் சட்டம். உறுப்பினர் ஐந்திலிருந்து ஏழானது. புகார் வந்து விசாரித்தபின் உச்சக் கட்டணத்தை ஆணையமே நிர்ணயிக்கலாம். வைகறை கேட்ட "கோர்ட்டுக்கு ஓட வேண்டியது யார்" என்பதற்கான விடையும் இங்கேதான். முன்பு கம்பெனி உத்தரவை மதிக்காவிட்டால் ஆணையம் வழக்குப் போட்டு, சாட்சியெல்லாம் மறுபடி எடுத்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது. அதுவரை பழைய கட்டணமே ஓடியது. 1906க்குப் பின் உத்தரவு, குறைந்தது முப்பது நாள் அவகாசத்துக்குப் பிறகு, தானாக நடைமுறைக்கு வரும். பிடிக்காத கம்பெனிதான் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்க வேண்டும். தடையும் வாங்காமல் கீழ்ப்படியவும் இல்லை என்றால் நாளொன்றுக்கு 5,000 டாலர்.

பலரும் தாண்டிப் போகும் இன்னொரு பிரிவு கணக்குப் புத்தகம். பழுதுபார்த்த செலவை மூலதனத்தில் காட்டுவது, கிளைப் பாதையின் நட்டத்தை வேறு தலைப்பில் மறைப்பது என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வழக்கம் இருந்தது. கணக்குகளை ஒப்பிடவே முடியாது என்றால் எந்தக் கட்டணம் நியாயம் என்று எதை வைத்துச் சொல்வது? ஹெப்பர்ன் சட்டப்படி ஆணையம் வகுத்த படிவத்தில்தான் கணக்கு எழுத வேண்டும், வேறு புத்தகம் வைத்திருப்பதே குற்றம். ஆணையத்தின் ஆய்வாளர் எப்போது வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம். அந்தப் படிவங்களை வகுத்தவர் ஹென்றி கார்ட்டர் ஆடம்ஸ் என்ற பொருளியல் பேராசிரியர். ரூஸ்வெல்ட்டின் எந்த மேடைப் பேச்சையும்விட அந்தப் படிவங்கள்தான் ரயில்வேயைக் கட்டுப்படுத்தின என்பது என் கருத்து.

வைகறை எழுதியது:

ஸ்டாண்டர்ட் ஆயிலுக்கு 2.9 கோடி டாலர் அபராதம் போட்டார்கள் என்று படித்திருக்கிறேன். அது இந்த எல்கின்ஸ் சட்டப்படிதானா? கட்டினார்களா?

தண்டவாளம் எழுதியது:

அதேதான். ஒரு சென்ட் கூடக் கட்டவில்லை.

இந்தியானாவில் வைட்டிங் என்ற ஊரில் சுத்திகரிப்பு ஆலை. அங்கிருந்து கிழக்கு செயின்ட் லூயிக்கு எண்ணெய் போகும். அரசு காட்டிய சட்டபூர்வக் கட்டணம் 100 பவுண்டுக்கு 18 சென்ட். கம்பெனி கொடுத்தது 6 சென்ட். மூன்றில் ஒரு பங்கு! 1907 ஆகஸ்டில் நீதிபதி லாண்டிஸ் 1,462 குற்றங்கள் என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் உச்சமான 20,000 டாலர் வீதம் 2,92,40,000 டாலர் விதித்தார்.

1908இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. காரணங்கள் மூன்று. ஒவ்வொரு ரயில் பெட்டிச் சரக்கையும் தனிக் குற்றமாக எண்ணியது தவறு. 18 சென்ட்தான் சட்டபூர்வக் கட்டணம் என்பது கம்பெனிக்குத் தெரியுமா என்ற சாட்சியத்தை ஏற்காதது தவறு. மூன்றாவது, குற்றம் சாட்டப்பட்டது பத்து லட்சம் டாலர் மூலதனம் கொண்ட இந்தியானா கம்பெனி. தாய்க் கம்பெனியின் சொத்தைப் பார்த்து அபராதம் அளந்தது தவறு. மறுவிசாரணையில் கம்பெனி விடுதலையானது. சட்டத்தில் "ஒரு குற்றம்" என்றால் எது என்று எழுதாமல் விட்டதற்கு விலை இது.

கோப்புக்கட்டு எழுதியது:

அந்த 6 சென்ட் ரகசியத்தைத் தோண்டியது யார் என்று கேட்டால் கார்ப்பரேஷன் பணியகத்துக்கு வந்துவிடலாம்.

1903 பிப்ரவரி 14இல் வணிகம் மற்றும் தொழிலாளர் துறை என்று புதிய அமைச்சகமே உருவானது. அதற்குள் ஒரு பிரிவு இந்தப் பணியகம். முதல் ஆணையர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட், முன்னாள் அதிபர் கார்ஃபீல்டின் மகன். ரயில்வே நீங்கலாக, மாநில எல்லை தாண்டி வியாபாரம் செய்யும் எந்தக் கம்பெனிக்கும் சம்மன் அனுப்பி ஆவணம் கேட்கலாம், சாட்சியம் எடுக்கலாம். ஆனால் எதையும் நிறுத்தும்படி உத்தரவிட முடியாது, அபராதம் போட முடியாது. அறிக்கை அதிபருக்குப் போகும். எதை வெளியிடுவது என்று அவர்தான் முடிவு செய்வார்.

இதில் விழுந்த முதல் அடி மாட்டிறைச்சிக் கம்பெனிகள் வழக்கு. கார்ஃபீல்ட் சிகாகோ சென்று கம்பெனிகளின் கணக்கைக் கேட்டு வாங்கினார். பிறகு நீதித்துறை அதே ஆட்கள் மேல் கிரிமினல் வழக்குப் போட்டது. 1906 மார்ச்சில் நீதிபதி ஹம்ப்ரி சொன்னார்: இவர்கள் பணியகத்துக்குத் தகவல் கொடுத்தவர்கள், சட்டம் அப்படிக் கொடுத்தவர்களுக்கு விலக்கு அளிக்கிறது, ஆகவே தனி மனிதர்கள் மேல் வழக்கு செல்லாது. கம்பெனிகள் மேல் மட்டும் வழக்கு நிற்கும். அன்றைய பத்திரிகைகள் இதை "விலக்குக் குளியல்" என்றன. பணியகத்திடம் வந்து ஒரு முழுக்குப் போட்டால் பாவமெல்லாம் போய்விடும் என்ற பொருளில்.

ஓட்டையை அடைக்க மூன்றே மாதம் ஆனது. 1906 ஜூன் 30இல் வந்த சட்டம், சம்மனுக்குக் கீழ்ப்படிந்து சத்தியப்பிரமாணத்தின் பேரில் சாட்சியம் சொன்ன தனி மனிதருக்கு மட்டுமே விலக்கு என்று வரையறுத்தது. மேசையில் உட்கார்ந்து பேசிக் கொடுத்த தகவலுக்கு விலக்கு இல்லை.

இதற்கிடையில் 1906 மே மாதம் ஸ்டாண்டர்ட் ஆயில் போக்குவரத்து பற்றிய அறிக்கை வெளியானது. அரசு செய்தது எளிமையான வேலைதான்: ஊருக்கு ஊர் வெளியிட்ட கட்டணத்தையும் கம்பெனி உண்மையில் கொடுத்ததையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் கம்பெனியைப் பிரிக்கக் கோரி செயின்ட் லூயியில் வழக்கு. 1911 மே 15இல் உச்ச நீதிமன்றம் 34 கம்பெனிகளாகப் பிரிக்கும் தீர்ப்பை உறுதி செய்தது.

எதிர்க்கரை எழுதியது:

கோப்புக்கட்டு ஐயா, பணியகத்தைக் கொஞ்சம் அதிகமாகவே தூக்கி வைக்கிறீர்கள். "எதை வெளியிடுவது என்று அதிபர்தான் முடிவு செய்வார்" என்ற வரியில் இருக்கிறது முழு நோயும்.

1905 நவம்பரில் யு.எஸ். ஸ்டீல் தலைவர் கேரி வெள்ளை மாளிகையில் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்: கணக்கைத் திறந்து காட்டுகிறோம், தவறிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம். 1907 ஜனவரியில் விவசாய இயந்திரக் கம்பெனியான இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் அதே வழி. இரண்டும் வங்கியாளர் மார்கனின் நிறுவனத்தோடு தொடர்புள்ளவை. ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயிலுக்குக் கோர்ட், இவர்களுக்குத் தேநீர் மேசை. யு.எஸ். ஸ்டீல் மேல் வழக்கு வந்தது அடுத்த அதிபர் டாஃப்ட் காலத்தில், 1911 அக்டோபரில். 1920இல் அரசு அதில் தோற்றது. எந்தச் சட்டத்திலும் எழுதாத ஏற்பாட்டை ஓர் அதிபர் செய்தால் அடுத்தவர் அதை மதிக்க வேண்டியதில்லை, கம்பெனியும் எதிர்பார்க்க முடியாது. இதை ஒழுங்குமுறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோப்புக்கட்டு எழுதியது:

அந்தக் குறையை மறுக்கவில்லை. ஆனால் மாற்று என்ன இருந்தது என்று பாருங்கள். 1890 ஷெர்மன் சட்டம் ஒரே வாக்கியத்தில் "வணிகத்தைத் தடுக்கும் எல்லாக் கூட்டும் செல்லாது" என்றது. எது கூட்டு, எது சாதாரண வளர்ச்சி என்று வழக்கு முடியும்வரை யாருக்கும் தெரியாது. நார்தர்ன் செக்யூரிட்டிஸ் என்ற ரயில்வே கூட்டுக் கம்பெனி மேலான வழக்கு 1902 மார்ச்சில் தொடங்கி 1904 மார்ச்சில் முடிந்தது, அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற ஒரே ஓட்டு வித்தியாசத்தில். முன்கூட்டியே கம்பெனிகளைப் பதிவு செய்து உரிமம் கொடுக்கும் முறையைத்தான் ரூஸ்வெல்ட் விரும்பினார். அதற்கான மசோதா 1908இல் காங்கிரசில் (அமெரிக்க நாடாளுமன்றத்தில்) செத்தது. 1914இல் இந்தப் பணியகத்தையே கரைத்து மத்திய வர்த்தக ஆணையம் உருவாக்கியபோதுதான் "நிறுத்து" என்று உத்தரவிடும் உரிமை வந்தது. கோப்பு திரட்டிப் பழகிய ஆட்களும் அந்தக் கோப்புகளும் அங்கே கைமாறின.

உப்புச்சீட்டு எழுதியது:

உணவுப் பக்கம். 1906 ஜூன் 30இல் ஒரே நாளில் கையெழுத்தான இரண்டு சட்டங்களையும் ஒன்றாகப் பேசுவது வழக்கம். ஆனால் இரண்டின் எலும்பும் வேறு வேறு.

இறைச்சி ஆய்வுச் சட்டத்தில் மாடு வெட்டப்படும் முன் ஓர் ஆய்வு, வெட்டியபின் உடலும் உறுப்புகளும் ஓர் ஆய்வு. தேறியதற்கு "ஆய்வு செய்து ஏற்கப்பட்டது" என்ற முத்திரை. தேறாததை ஆய்வாளர் கண்ணெதிரே உணவுக்குப் பயன்படாதபடி அழிக்க வேண்டும். முத்திரை இல்லாத இறைச்சியை ரயில் மாநில எல்லை தாண்டி ஏற்றக்கூடாது. ஆலை ஒத்துழைக்கவில்லை என்றால் வழக்கெல்லாம் வேண்டாம்: ஆய்வாளர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டால் போதும், சரக்கு அசையாது. இதைவிடக் கூர்மையான கருவி அந்த எட்டு ஆண்டில் வேறு எந்தத் துறைக்கும் கிடைக்கவில்லை.

பேரம் இரண்டு இடத்தில் நடந்தது. செனட்டர் பெவரிஜ் எழுதிய வடிவில் ஆய்வுச் செலவைக் கம்பெனிகள் கொடுக்க வேண்டும், டப்பாவில் அடைத்த தேதி இருக்க வேண்டும். கீழவையில் இரண்டும் போயின. செலவு அரசுக் கருவூலத்தில் விழுந்தது, ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் நிரந்தர ஒதுக்கீடாக. கம்பெனிகளுக்கு அரசு முத்திரை இலவச விளம்பரமாகவும் ஆனது, ஐரோப்பியச் சந்தைக்கு அதுதான் தேவைப்பட்டது. மாநிலத்துக்குள்ளேயே விற்ற இறைச்சி இந்த வலையில் சிக்கவில்லை. அந்த ஓட்டை 1967இல்தான் அடைந்தது.

உணவு, மருந்துச் சட்டத்தில் முன்அனுமதி கிடையாது. விவசாயத் துறையின் வேதியியல் பணியகம், அதாவது ஹார்வி வைலியின் ஆட்கள், கடையில் மாதிரி எடுப்பார்கள், சோதிப்பார்கள். விற்பவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பு தந்தபின் செயலர் அரசு வழக்கறிஞருக்கு அனுப்புவார். மருந்துப் புட்டியில் ஆல்கஹால், மார்ஃபின், அபின், கோகெய்ன், ஹெராயின், குளோரோஃபார்ம், கஞ்சா போன்றவை இருந்தால் அளவோடு லேபிளில் போட வேண்டும். தடை இல்லை, சொல்ல வேண்டும், அவ்வளவுதான். குழந்தையைத் தூங்க வைக்கும் சிரப்பில் மார்ஃபின் இருக்கிறது என்று தாய் படித்தால் வாங்க மாட்டாள் என்ற கணக்கு.

உடைந்தது எங்கே? புற்றுநோயைக் குணமாக்கும் என்று பொய் சொல்லி விற்ற ஒருவர் மேல் வழக்கு. 1911இல் உச்ச நீதிமன்றம், சட்டம் தடுப்பது உள்ளே என்ன பொருள் இருக்கிறது என்ற பொய்யை, அது என்ன செய்யும் என்ற பொய்யை அல்ல என்று தீர்த்தது. 1912இல் ஷெர்லி திருத்தம் வந்து குணப் பொய்யையும் சேர்த்தது. ஆனால் ஏமாற்றும் எண்ணம் இருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. "நான் உண்மையிலேயே நம்பினேன்" என்று சொல்பவனை என்ன செய்வது? 1938 வரை இந்த இழுபறி ஓடியது.

மலைச்சாரல் எழுதியது:

காடுகள். ரூஸ்வெல்ட் வந்தபோது ஒதுக்குக் காடு சுமார் 4.6 கோடி ஏக்கர். போகும்போது 19 கோடிக்கு மேல். பரப்பளவைவிட நிர்வாகம் எப்படி நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

காடு உள்துறையின் பொது நில அலுவலகத்திடம் இருந்தது. அந்த அலுவலகம் பிறந்ததே நிலத்தைப் பட்டா போட்டுக் கொடுப்பதற்கு. வனம் தெரிந்தவர்கள் விவசாயத் துறையில் கிஃபோர்ட் பிஞ்சோ தலைமையில் இருந்தார்கள், அவர்கள் கையில் ஒரு மரம்கூட இல்லை. 1905 பிப்ரவரி 1 சட்டம் 6.3 கோடி ஏக்கரை அப்படியே இவர்களிடம் மாற்றியது. அந்த ஜூலையில் வனச்சேவை என்று பெயர் வந்தது. 1907இல் "ஒதுக்குக் காடு" என்ற பெயர் "தேசியக் காடு" ஆனது. பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கு என்று காட்டவே அந்தப் பெயர் மாற்றம்.

சட்டைப்பையில் அடங்கும் ஒரு விதிப்புத்தகம் ஒவ்வொரு ரேஞ்சர் கையிலும் இருந்தது. ரேஞ்சர் வேலைக்கு எழுத்துத் தேர்வோடு களத் தேர்வும் உண்டு. குதிரை ஏறவும், பொதி கட்டவும், நிலம் அளக்கவும், மரத்தை மதிப்பிடவும் தெரிய வேண்டும். குதிரையும் சேணமும் சொந்தச் செலவு.

மர விற்பனை இப்படி நடக்கும். முதலில் பகுதியைச் சுற்றி வந்து எவ்வளவு பலகை தேறும் என்று மதிப்பீடு. வெட்ட வேண்டிய மரத்தில் கோடாலியால் பட்டையைச் சீவிவிட்டு, கோடாலியின் பின்பக்கத்தில் வார்த்திருக்கும் "யு.எஸ்." எழுத்தால் ஓங்கி ஒரு குத்து. அடிமரத்திலும் தரையோடு ஒட்டி ஒரு குத்து விழும். மரத்தை வெட்டி எடுத்துப் போனபின் கட்டை மட்டும் நிற்குமல்லவா, அதில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தாலே திருட்டு வெட்டு தெரிந்துவிடும். பெரிய விற்பனைக்கு விளம்பரம் செய்து ஏலம் கேட்க வேண்டும், பணம் முன்கூட்டியே. வெட்டிய கட்டையை அளவுகோல் வைத்து அளந்து, ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தியபின்தான் நகர்த்தலாம். கிளை, செத்தையைக் குவித்து வைக்க வேண்டும், தீ பரவாமல் இருக்க.

மேய்ச்சலுக்குக் கட்டணம் 1906 ஜனவரி 1 முதல். கோடைக்கு மாடு ஒன்றுக்கு 20–35 சென்ட், ஆடு ஒன்றுக்கு 5–8 சென்ட். அனுமதிச்சீட்டு முதலில் அருகில் வீடும் நிலமும் உள்ள சிறு பட்டிக்காரர்களுக்கு. பிறகு அந்தக் காட்டை வழக்கமாகப் பயன்படுத்திய பெரியவர்களுக்கு. ஊர் ஊராகப் போகும் கிடைக்காரர்கள் கடைசி.

தமிழ் வாசகருக்கு ஒரு தொடர்பு. பிஞ்சோவுக்கு வழி சொன்ன குரு டீட்ரிஷ் பிராண்டிஸ், பிரிட்டிஷ் இந்தியாவின் தலைமை வன ஆய்வாளராக இருந்தவர். 1880களின் தொடக்கத்தில் மதராஸ் மாகாண வன நிர்வாகத்தைச் சீர்செய்ய வந்தவரும் அவரே. 1882 மதராஸ் வனச் சட்டம் அக்காலத்தது.

எதிர்க்கரை எழுதியது:

அந்தப் பிராண்டிஸ் தொடர்பைச் சொன்னதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். "புறம்போக்கு" என்று அரசு வரைபடத்தில் போட்ட இடம் யாரோ ஒருவருக்கு வாழ்விடம். நியூ மெக்சிகோவில் டாவோஸ் பழங்குடியினரின் புனித நீல ஏரி 1906இல் ஒதுக்குக் காட்டுக்குள் போனது. அவர்கள் விடாமல் போராடி 48,000 ஏக்கரைத் திரும்ப வாங்கியது 1970இல். அறுபத்து நான்கு ஆண்டு! குடியேற்ற ஊர்களுக்கும் குறை இருந்தது. நிலம் அரசுடையது என்றால் கவுண்டிக்கு (மாவட்டத்துக்கு) வரி கிடையாது, பள்ளிக்கும் சாலைக்கும் பணம் எங்கே?

மலைச்சாரல் எழுதியது:

நீல ஏரி பற்றி நீங்கள் சொன்னது முழு உண்மை, அதற்குச் சமாதானம் இல்லை. வரிக் குறைக்கு மட்டும் ஒரு வழி செய்தார்கள்: 1906இல் காட்டு வருமானத்தில் 10 சதவீதம், 1908 முதல் 25 சதவீதம், பள்ளிக்கும் சாலைக்கும் என்று மாநிலங்களுக்குப் போனது. மரம் விற்காத ஆண்டில் அதுவும் வராது என்பது வேறு சிக்கல்.

மேற்கின் கோபம் 1907இல் வெடித்தது. ஓரிகான் செனட்டர் ஃபுல்டன் விவசாய ஒதுக்கீட்டு மசோதாவில் ஒரு வரியைச் செருகினார்: ஓரிகான், வாஷிங்டன், ஐடஹோ, மொன்டானா, கொலராடோ, வயோமிங் ஆகிய ஆறு மாநிலங்களில் இனிக் காங்கிரஸ் சொல்லாமல் புதுக் காடு ஒதுக்கக்கூடாது. மசோதாவை நிராகரித்தால் வனச்சேவைக்கே சம்பளப் பணம் இல்லை. கையெழுத்திட மார்ச் 4 கடைசி. பிஞ்சோவின் ஆட்கள் ராப்பகலாக வரைபடங்களைத் தயார் செய்தார்கள். ரூஸ்வெல்ட் சுமார் 1.6 கோடி ஏக்கருக்கான பிரகடனங்களில் கையெழுத்திட்டுவிட்டு, பிறகு மசோதாவிலும் கையெழுத்திட்டார். சட்டப்படி சரிதான். ஆனால் அதன்பின் மேற்கத்திய உறுப்பினர்கள் வனச்சேவையின் ஒவ்வொரு டாலரையும் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தார்கள்.

அடித்தளத்தில் ஒரு சந்தேகம் நெடுநாள் இருந்தது. அனுமதியில்லாமல் மேய்ப்பது குற்றம் என்று சொன்னது காங்கிரஸ் அல்ல, ஒரு செயலர் போட்ட விதி. விதியை மீறியவனைத் தண்டிக்க முடியுமா? கலிபோர்னியாவில் சியரா காட்டில் ஆடு மேய்த்த கிரிமாட் வழக்கில் கீழ்க்கோர்ட் முடியாது என்றது. 1911 மே 3இல் உச்ச நீதிமன்றம் முடியும் என்றது: 1897 சட்டத்திலேயே விதியை மீறினால் தண்டனை என்று காங்கிரஸ் எழுதிவிட்டது, செயலர் நிரப்பியது விவரத்தை மட்டும். இன்று அமெரிக்காவில் எந்த அமைப்பின் விதியும் சட்டத்தின் பலத்தோடு நிற்பதற்கு இந்தத் தீர்ப்பும் ஒரு தூண்.

மடைத்தலை எழுதியது:

பாசனத்தை யாரும் தொடவில்லையே. 1902 ஜூன் 17 நியூலாண்ட்ஸ் சட்டம். மேற்கின் 16 மாநிலங்கள், பிரதேசங்களில் அரசு நிலம் விற்ற பணம் ஒரு சுழல்நிதியில் சேரும், அதில் அணை கட்டுவார்கள். தண்ணீர் பெறும் விவசாயி பத்து ஆண்டில் வட்டியில்லாமல் திருப்பிக் கட்ட வேண்டும். ஒருவருக்கு 160 ஏக்கருக்கு மேல் தண்ணீர் கிடையாது. வரவு செலவுத் திட்டத்துக்காக ஆண்டுதோறும் காங்கிரசிடம் கையேந்த வேண்டாம் என்பது இதன் அழகு.

கணக்கு இடித்தது இப்படி. நிதியின் பெரும்பகுதியை அது வசூலான மாநிலத்திலேயே செலவிட வேண்டும் என்று சட்டத்தில் ஒரு பிரிவு. அதனால் மாநிலத்துக்கு ஒன்றாவது வேண்டும் என்று ஒரே நேரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட திட்டங்களைத் தொடங்கினார்கள், எதற்கும் பணம் முழுசாகப் போதவில்லை. 1910இல் கருவூலம் 2 கோடி டாலர் கடன் கொடுக்க வேண்டியதாயிற்று, அந்தப் பிரிவும் அதே ஆண்டு போனது.

வயலில் நடந்தது இன்னும் மோசம். அணையும் வாய்க்காலும் பொறியாளர்கள் நன்றாகக் கட்டினார்கள், வடிகாலை மறந்தார்கள். தண்ணீருக்குக் கட்டணம் ஏக்கர் கணக்கில், அளவு கணக்கில் அல்ல. ஆகவே விவசாயி வேண்டிய மட்டும் பாய்ச்சினான். பூசாத மண் வாய்க்காலிலிருந்து கசிவு வேறு. நிலத்தடி நீர் மேலே ஏறி, ஆவியாகி, உப்பை மேற்பரப்பில் விட்டுப் போனது. வெள்ளை பூத்த களர் நிலத்தில் எந்தப் பயிர் வரும்? நிலத்தைச் சமன் செய்யவும் முதல் விளைச்சல் வரை சாப்பிடவும் கையில் பணமில்லாத குடியேறிகளே அதிகம். பத்தாண்டுத் தவணை 1914இல் இருபதாகவும், 1926இல் நாற்பதாகவும் நீண்டது.

நெவாடாவில் 1905இல் முடிந்த டெர்பி அணை ட்ரக்கி ஆற்றைத் திருப்பியது. பையூட் பழங்குடியினரின் பிரமிட் ஏரி வற்றிச் சுருங்கியது, பக்கத்தில் இருந்த வின்னமுக்கா ஏரி முழுசாகக் காய்ந்தே போனது.

நன்றாக ஓடியது அரிசோனாவின் சால்ட் ரிவர் திட்டம். காரணம் எளிது: அங்கே ஏற்கெனவே வாய்க்காலும் விவசாயியும் இருந்தார்கள். 1903இல் சங்கம் வைத்துத் தங்கள் நிலத்தையே ஈடாகக் காட்டினார்கள். 280 அடி உயர ரூஸ்வெல்ட் அணை 1911இல் முடிந்தது. கட்டுமானத்துக்கு வைத்த மின்நிலையத்தின் உபரி மின்சாரத்தை விற்கலாம் என்று 1906 சட்டம் அனுமதித்தது. தண்ணீர்க் கடனைத் தாங்கியது அந்த மின்சாரம்தான்.

வைகறை எழுதியது:

காங்கிரஸ் ஒப்புதலே இல்லாமல் நிலத்தை விலக்கி வைத்தது பற்றியும் சொல்லுங்கள். நிலக்கரி நிலம் என்று படித்தேன்.

கோப்புக்கட்டு எழுதியது:

1873 சட்டப்படி நிலக்கரி நிலம் ரயில்பாதைக்கு 15 மைலுக்குள் என்றால் ஏக்கர் 20 டாலர், அப்பால் 10 டாலர், ஒருவருக்கு 160 ஏக்கர். ரயில்வேயும் சுரங்கக்காரர்களும் பினாமிகளை வரிசையில் நிறுத்தி வாங்கிக் குவித்தார்கள், சிலர் விவசாய நிலம் என்று பொய் சொல்லி இன்னும் மலிவாக. 1906இல் ரூஸ்வெல்ட் சுமார் 6.6 கோடி ஏக்கரை விற்பனையிலிருந்து நிறுத்தினார். புவியியல் அளவைத் துறை படுகையின் தடிமன், தரம், ஆழம் பார்த்து விலை மதிப்பிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. 10, 20 என்பது குறைந்தபட்ச விலை என்றுதான் சட்டம் சொன்னது. அதுவரை அலுவலர்கள் அதையே விலையாக வைத்திருந்தார்கள்! சட்டத்தை மாற்றாமல் படித்த விதத்தை மாற்றியது நல்ல நிர்வாகம்.

இப்படி நிறுத்தி வைக்க அதிபருக்கு அதிகாரம் உண்டா என்பது தொங்கலில் இருந்தது. டாஃப்டுக்கே சந்தேகம், அவர் 1910இல் காங்கிரசிடம் சட்டமாகவே வாங்கினார். அதற்கு முந்தைய எண்ணெய் நில நிறுத்தத்தை 1915இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

பினாமி மோசடி வழக்குகளில் இன்னொரு கிளை முளைத்தது. ஓரிகான் நில மோசடியில் 1905இல் செனட்டர் மிட்செல் தண்டிக்கப்பட்டார். துப்பறிய நீதித்துறைக்குச் சொந்த ஆட்கள் இல்லை, கருவூலத்தின் ரகசியச் சேவையிலிருந்து கடன் வாங்கினார்கள். 1908இல் காங்கிரஸ் அந்தக் கடனைத் தடை செய்தது. ஜூலை 26இல் அட்டர்னி ஜெனரல் போனபார்ட் தன் துறைக்குள்ளேயே புலனாய்வாளர் குழு அமைத்தார். பின்னாளைய எஃப்.பி.ஐ. அதிலிருந்து வந்தது.

எதிர்க்கரை எழுதியது:

காங்கிரஸ் கதவைச் சாத்திய இடமும் உண்டு. 1908 மே மாதம் மாநில ஆளுநர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து மாநாடு, ஜூனில் தேசிய வளப்பாதுகாப்பு ஆணையம். நீர், காடு, நிலம், கனிமம் நான்கையும் கணக்கெடுத்து 1909 ஜனவரியில் மூன்று தொகுதி அறிக்கை கொடுத்தார்கள். ஆனால் ஆணையத்துக்குச் சட்டம் இல்லை, ஒதுக்கீடும் இல்லை. கீழவை உறுப்பினர் டானியின் திருத்தம், காங்கிரஸ் ஒப்புதலற்ற ஆணையங்களுக்கு எந்த அலுவலரும் வேலை செய்யக்கூடாது என்று தடுத்தது. அதோடு ஆணையம் முடிந்தது. கையில் சட்டமும் வருமானமும் இருந்த வனச்சேவை இன்றும் இருக்கிறது.

தண்டவாளம் எழுதியது:

ஹெப்பர்ன் சட்டத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். எண்ணெய்க் குழாய்வழிகளையும் அது பொதுப் போக்குவரத்து என்று சேர்த்தது. ஸ்டாண்டர்ட் ஆயில் குழுமத்துக் கம்பெனிகள் எளிதாகத் தப்பப் பார்த்தன. கிணற்று வாயிலிலேயே உற்பத்தியாளரிடம் எண்ணெயை வாங்கிவிடுவார்கள், விற்காதவருக்குக் குழாயில் இடமில்லை. பிறகு "எங்கள் சொந்த எண்ணெயைத்தானே எங்கள் குழாயில் அனுப்புகிறோம், இது பொதுப் போக்குவரத்து எப்படி ஆகும்?" என்று கேட்டார்கள். வழக்கு 1914 வரை போனது. விற்றால்தான் ஏற்றுவேன் என்று கட்டாயப்படுத்தி வாங்குவது வெறும் பெயரளவு விற்பனை, உண்மையில் ஊரார் எண்ணெயைத்தான் சுமக்கிறீர்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தன் கிணற்று எண்ணெயைத் தன் ஆலைக்கு மட்டும் கொண்டுபோன அங்கிள் சாம் என்ற ஒரு கம்பெனியை மட்டும் விலக்கியது. மற்ற எல்லாரும் கட்டண அட்டவணையை ஆணையத்திடம் தாக்கல் செய்ய வேண்டியதாயிற்று.